மேலே ஒரு ரி

பாப்பா, போன வாரம் நீ கீபோர்டு கிளாஸ் முடிந்து வந்து, "அப்பா, ஆட் நைன்னு ஒரு கார்டு இருக்காம். மிஸ் அடுத்த மாசம்தான் சொல்லித் தருவாங்களாம்" என்றாய். எனக்கு அது தெரியும் என்றேன். நீயும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்ததில் தப்பில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டு மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். எந்த வாத்தியமும் எனக்கு வாசிக்க வராது. ஆனால் அந்த ஒரு கார்டு மட்டும் தெரியும். அதைத் தெரிய வைத்தவரைப் பற்றி எழுதிக் கொடுக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் செல்போனை எடுத்துவிடுவீர்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் இருந்த மெல்லிசைக் குழுவின் ஃப்ளெக்ஸ் போர்டில்கூட அவர் பெயர் ஒரு தடவையும் வந்தது கிடையாது. பாடுகிறவர்கள் படம் பெரிதாக இருக்கும், கீபோர்டு வாசிக்கிறவன் படம் சின்னதாக இருக்கும், அடியில் 'மற்றும் குழுவினர்' என்று இருக்கும். அவர் அந்த 'மற்றும்'க்குள் இருந்தார். நாங்கள் கிட்டார் அண்ணன் என்று கூப்பிட்டோம். கடைசியாக அவரைப் பார்த்தது சிதம்பரத்தில். அதற்கப்புறம் நான் தேடிப் போனபோது அங்கே இல்லை. எங்கே போனார் என்று அங்கிருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

முதலில் கார்டைச் சொல்லிவிடுகிறேன். ச, க, ப. இந்த மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் உங்கள் மிஸ் சொல்லிக் கொடுத்த மேஜர் கார்டு. கேட்க நிறைவாக இருக்கும். மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று என்கிற மாதிரி. இதோடு ஒரு ரி சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற ரி இல்லை, மேலே இருக்கிற ரி. ச-வை ஒன்று என்று வைத்து ரி, க, ம என்று எண்ணிக்கொண்டே போனால் அது ஒன்பதாவதாக வரும். அதனால்தான் அந்தப் பெயர். நடுவில் நி-யைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது வேறு கார்டு, அதற்கு வேறு குணம். க-வை எடுத்துவிட்டு ரி-யை வைத்தாலும் வேறு. மூன்று பேரும் அவரவர் இடத்திலேயே இருக்க வேண்டும். ஒருத்தரையும் எழுப்பாமல் நாலாவதாக ஒருத்தர் வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் ஒரு மனுஷர் அப்படி அலைந்தார்.

அவர் கடலூர் முதுநகரில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே மாடி அறையில் தனியாக இருந்தார். பகலில் ஹார்பர் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. அதனால் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கச்சேரிக்கு வந்ததும், குழுவுக்கு மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்து, என் ஆம்ப்ளிஃபயர் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துச் சூடு காட்டுவார். மழைக்காலத்தில் டீ கிளாஸைப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி. "உன் பொட்டிதாம்பா எனக்கு அடுப்பு" என்பார். எங்களுக்குள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. வாசிக்கும்போது எங்கேயாவது இடம் கிடைத்தால் அந்த மேல் ரி-யைச் சேர்த்துவிடுவார். சேர்த்த உடனே தலையைத் தூக்கி எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பார். பாடுகிறவர், ரிதம் பேட் அடிக்கிறவன், பாயசம் கொண்டு போகிறவன், மேடைக்குக் கீழே தூங்குகிற குழந்தை, யாராக இருந்தாலும் சரி. முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்பார்.

"கேட்டுச்சா?"

என்னிடம் முதல் தடவை கேட்டபோது நான் என் வேலையைச் சொன்னேன். "நல்லா கேக்குதுண்ணே. லெவல் கரெக்டா இருக்குது."

"லெவல் இல்லப்பா. இரு. இது ஒண்ணு." வாசித்தார். "இப்ப இது." வாசித்தார். "வித்தியாசம் இருக்குதா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதாண்ணே இருக்குது."

அவர் கோபப்படவில்லை. "சரி, நீ வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராப்பைச் சரிசெய்துகொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பல பேரிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அதைச் சொன்ன விதம் எனக்கு என்னவோ போல் இருந்தது.

காதுக்குப் பிடிபடவில்லை என்றாலும் கண்ணுக்குப் பிடிபட்டது. கிட்டாரில் சி மேஜர் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியில் முதல் கட்டத்தில் இருக்கும். அந்த விரலை எடுத்துவிட்டு, அதே கம்பியில் மூன்றாவது கட்டத்தில் சுண்டு விரலை வைத்தால் ரி வந்துவிடும். ச போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், அது கீழே தடித்த கம்பியில் பத்திரமாக இருக்கிறது. அவருடைய சுண்டு விரல் கொஞ்சம் வளைந்திருக்கும். அது நீண்டு போய் அந்தக் கட்டத்தில் உட்காருவது எனக்கு மேடையின் அந்தக் கோடியில் இருந்தே தெரியும். சேர்த்துவிட்டார் என்று புரிந்துகொள்வேன். அடுத்து தலையைத் தூக்குவார். நான் சட்டென்று குனிந்து ஒயரைப் பார்ப்பேன். வேறு என்ன செய்வது? முகத்தில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

கீபோர்டு வாசித்தவன் பெயர் செந்தில். நல்ல வாசிப்பு, வாய் ஜாஸ்தி. ஒரு நாள் ஒத்திகையில் அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"செந்திலு, இதுல ஒரு ரி சேத்துப் பாரேன்."

செந்தில் ச, ரி, க, ப நாலையும் ஒரே கையில் நெருக்கி அழுத்தினான். மூன்று கட்டைகள் ஒட்டிக்கொண்டு, கொசுவர்த்தி புகை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அண்ணே, ஷேர் ஆட்டோவுல பின்னாடி சீட்டு மாதிரி இருக்குது. எறங்கிடச் சொல்லட்டா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். "அதான் இல்ல. அவன அங்க திணிக்காத. எடது கையில ச மட்டும் வச்சிக்க. வலது கையில க, ப. இப்ப ரிய மேல கொண்டு போயி தனியா உக்கார வை. எடம் குடுத்தா உரச மாட்டான்."

செந்தில் அப்படியே செய்தான். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே. கரண்ட் பில்லு எவ்ளோன்னு சொல்லுச்சு."

அப்புறம் பல நாள் அதுவே குழுவில் விளையாட்டாகிப் போனது. யாராவது தும்மினால், "கேட்டுச்சா?" டீ கடையில் கிளாஸ் உடைந்தால், "கேட்டுச்சா?" அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருக்கும். எடுத்து வைக்க மறந்த பொருள் மாதிரி.

இந்தப் பித்து எப்படி வந்தது என்று ஒரு தடவை சொன்னார். சிதம்பரத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். புதுச்சத்திரம் தாண்டி டீக்காக நிறுத்தினோம். மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நானும் அவரும் வேன் படியில் உட்கார்ந்திருந்தோம்.

சின்ன வயதில் அவர் போன சர்ச்சில் காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் மேல் ரி கட்டை அமுங்கிப் போய் மாட்டிக்கொண்டது. எழும்பவே இல்லை. காற்று இருக்கிற வரைக்கும் அந்த ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குப் பாடிய எல்லாப் பாட்டுக்கு மேலேயும் அது நின்றது.

"எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டு பாடுறாங்க. வாசிக்கிற டீச்சர் கட்டையப் புடிச்சி இழுக்குறாங்க, குத்துறாங்க, ஒண்ணும் நடக்கல. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப் போச்சுப்பா. பாட்டு அதே பாட்டுதான். ஆனா மேல யாரோ கூடவே வர்றாங்க. அம்மா கையப் புடிச்சி இழுத்து, கேட்டுச்சான்னு கேட்டேன். சும்மா இருடான்னு தொடையில கிள்ளுனாங்க."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் போனேன். சரி பண்ணிட்டாங்க."

ஒரு சாவுச் செய்தியைச் சொல்கிற குரலில் அதைச் சொன்னார். கையில் இருந்த டீ ஆறிப் போயிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அப்ப அது ரிப்பேருதாண்ணே, மியூசிக் இல்ல" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவர் ஆறிப் போன டீயைக் கீழே ஊற்றினார்.

"அது சரிதான். ஆனா நான் ஒருத்தன் மட்டும் கேட்டா, அது கட்டைக்கு ரிப்பேரா, எனக்கு ரிப்பேரான்னு எப்படித் தெரியும்? இன்னொருத்தருக்குக் கேக்கணும். அப்பதான தெரியும்."

பிள்ளைகளா, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். நான் அதுவரைக்கும் அவர் தன் திறமையைக் காட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் காட்டவில்லை. ஊர் தெரியாத இடத்தில் இறங்கிவிட்ட ஆள், போகிற வருகிறவர்களிடம் வழி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே சிதம்பரம் கல்யாணத்தில்தான் நாயனக்காரர் விஷயமும் நடந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வர செட் வாசலில் தயாராகிக்கொண்டிருந்தது. சுருதிப் பெட்டி ச, ப என்று ஊதிக்கொண்டிருந்தது. அண்ணன் கிட்டார் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி, அவர்கள் சுருதிக்குச் சரிசெய்துகொண்டு, ஒரு தூண் ஓரமாக நின்று மெதுவாக ச, க, ப வாசித்தார். நாயனக்காரர் வாசித்துக்கொண்டே மேலே போனார். மேல் ரி-யைத் தொட்டார், இறங்கிவிட்டார். மறுபடி தொட்டார், சுழற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார். நாதஸ்வரத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அவர் அந்த ரி-யில் கொஞ்சம் நின்றால் போதும், அண்ணனுடைய மூன்றோடு சேர்ந்து கார்டு முழுசாகிவிடும். அவர் நிற்கவே இல்லை. ஊர்வலம் கிளம்பிவிட்டது. அண்ணன் கிட்டாரோடு பின்னாலேயே போனார். மேல வீதி திரும்புகிற வரைக்கும் போனார்.

தவில்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருங்க நீங்க? பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"கச்சேரி செட்டுங்க."

"அப்ப மண்டபத்துக்குப் போங்க. இங்க இன்னா பின்னாடியே வர்றீங்க, கடன் குடுத்த மாதிரி?"

திரும்பி வந்து என் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்த எடத்துல நிக்க மாட்டேங்கிறாருப்பா" என்றார். "தாண்டித் தாண்டிப் போறாரு. அவருக்கு அது போற வழி."

இன்னொரு கல்யாணத்துக்கு வயலின் வாசிக்க ஒரு தம்பி வந்திருந்தான். அவன் வயலினில் சும்மா விட்ட இரண்டு கம்பிகளில் ஒன்று ப-வாகவும் ஒன்று ரி-யாகவும் இருந்தது. "விரலே வைக்காத. ரெண்டு கம்பியையும் சேத்து ஒரே இழுப்பா இழு" என்றார். அவன் இழுத்தான். இவர் கிட்டாரில் ச-வும் க-வும் மட்டும் எடுத்தார். ரொம்ப லேசான வேலை. இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு ஸ்வரம். அன்றைக்கு அது நன்றாக வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூடித் திறந்து அந்தத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் வில்லை இழுத்தபடியே பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழுவை நடத்தியவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷர். தானே பாடுவார். அவருக்கு இந்த ரி-யால் நிஜமாகவே ஒரு கஷ்டம் இருந்தது. பாட்டு முடிகிற கடைசி இடத்திலும் அண்ணன் அதைச் சேர்த்துவிடுவார். சேர்த்தால் பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது.

"ஏம்பா, ஜனங்களுக்குப் பாட்டு முடிஞ்சிச்சா இல்லியான்னு தெரிய மாட்டேங்குது. கை தட்டலாம்னு தூக்குறான். தூக்குன கைய என்னா பண்றதுன்னு தெரியாம தலையச் சொறிஞ்சிக்கிறான். நான் எதுக்குய்யா பாடுறேன்?"

"இன்னும் கொஞ்ச நேரம் கேக்கட்டுமே மாமா."

"கேட்டது போதும். மூடு. மூடிட்டு அடுத்த பாட்டுக்குப் போ."

அண்ணன் தலையாட்டுவார். அடுத்த பாட்டு முடியும்போது பார்த்தால் சுண்டு விரல் நீண்டிருக்கும். அவர் பிடிவாதத்துக்குச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாருக்குக் கேட்கும், எப்போது கேட்கும் என்று தெரியாத ஆள், ஒரு பாட்டைக்கூட எப்படிச் சும்மா விடுவார்?

கடைசிக் கச்சேரியும் சிதம்பரத்தில்தான். வரவேற்பு. பெண்ணுடைய அப்பாவே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது, ஒரு கை தட்டலும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னும் இருக்குதா?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. மாமா மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி நேராக என் மிக்சருக்கு வந்தார். கிட்டார் என்று நான் பேப்பர் ஒட்டி எழுதியிருந்த லீவரைக் கீழே கடைசி வரைக்கும் இழுத்துவிட்டார். "இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.

அண்ணன் அதைப் பார்த்தார். மேடையில் அவர் காலடியில் இருந்த ஸ்பீக்கரிலும் அவர் சத்தம் நின்றுபோயிருக்கும். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு முழுக் கச்சேரியும் வாசித்தார். மண்டபத்தில் ஒருத்தருக்கும் கேட்காத கிட்டார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் சுண்டு விரல் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. ஜனங்கள் நன்றாகக் கை தட்டினார்கள். மாமாவுக்குச் சந்தோஷம்.

முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். கேட்டுச்சா என்று கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் கையையும் வைக்கவில்லை. "வர்றம்பா" என்றார். வேனில் ஏறாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார். அடுத்த கச்சேரிக்கு வரவில்லை. பெயின்ட் கடை மாடி அறையும் காலியாகிவிட்டது என்றார்கள். செந்தில் மட்டும் கொஞ்ச நாள், "அண்ணன் இருந்தா இந்நேரம் கேட்டுச்சான்னு கேட்டிருப்பாரு" என்பான். அப்புறம் அவனும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம். எனக்குக் கல்யாணம் ஆகி, நீங்கள் இரண்டு பேரும் பிறந்து, சொந்தமாக மைக் செட் வாங்கிவிட்டேன். ஒரு நாள் சிதம்பரத்தில் ஒரு வேலை. பாடுகிறவர்கள் உடை மாற்ற ரூம் கேட்டார்கள் என்று மதியம் ஒரு சின்ன லாட்ஜுக்குள் போனேன். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா" என்றார், நேற்று பார்த்த மாதிரி. "பொட்டி நல்லா சூடாவுதா?"

"இப்ப இருக்கிறதெல்லாம் சூடே ஆவாதுண்ணே. ஃபேன் வச்சி வருது."

இடது கை மடியில் கிடந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "ஒரு நாள் காலைல எழுந்தேன், இது எழுந்துக்கல. கால் பரவால்ல, வந்துடுச்சு. விரல் மட்டும் மடங்க மாட்டேங்குது. கிட்டார நெய்வேலில ஒரு பையனுக்குக் குடுத்துட்டேன்."

"கீபோர்டு வாசிக்கலாமே அண்ணே, ஒரு கையில?"

"பாத்தேன். கீழ் ச-லேர்ந்து மேல் ரி வரைக்கும் ஒத்தக் கையில எட்டணும். எனக்கு ஒரு கட்டை குறையுது." வலது கையை மேஜை மேல் விரித்துக் காட்டினார். சுண்டு விரல் நுனியில் இருந்து அந்த இல்லாத கட்டை இருக்கிற இடத்தை மூக்கால் சுட்டிக் காட்டினார். சிரித்தார்.

பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்தார். இதற்கு ஒரு கை போதும் அல்லவா? அதை எனக்கு விளக்கினார். அவர் சொன்னபடியே உங்களுக்குச் சொல்கிறேன். முதல் மூன்று ஓட்டைகளிலும் சேர்த்து ஊதினால் ச, க, ப. சரியாக நமக்கு வேண்டிய மூன்று. அதற்கு அடுத்தே இருக்கிற நாலாவது ஓட்டையில் மேல் ரி இருக்கிறது. எட்ட வேண்டியதில்லை, வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது ஊதினால் வராது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் வரும்.

"ஊதவும் ஊதணும், இழுக்கவும் இழுக்கணும். ஒரே நேரத்துல. மனுசனால ஆவற காரியமா?" என்றார். "எல்லா வாத்தியத்துலயும் ஒருத்தனா சமாளிச்சிட்டேன். இது ஒண்ணு மட்டும் தனி ஆளுக்கு வரவே வராது. ரெண்டு பேரு வேணும்."

டிராயரில் இன்னொரு பெட்டி இருந்தது. அதே மாதிரி மவுத் ஆர்கன், புதுசு.

"யாரையாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"ரூம் போட வர்றவங்களத்தான் கேட்டேன். ஒரு சாரு, கும்பகோணத்துக்காரரு, வாங்கி வாய்ல வச்சாரு. அப்புறம் கழுவுனியான்னு கேட்டாரு. இன்னொருத்தரு ஓனர்கிட்ட சொல்லிட்டாரு. சாவி கேட்டா வாத்தியத்த நீட்டுறான்னு. இன்னொரு தடவ நீட்டுனா வேலைக்கு வராதன்னுட்டாரு ஓனரு. ஞாயமான பேச்சுதான்."

அவர் என்னைக் கேட்கவில்லை. கையில் இருந்ததை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்தப் புதுப் பெட்டியை எடுத்தேன்.

"நாலாவதுதானே அண்ணே?"

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எடது பக்கத்துலேர்ந்து நாலாவது. ஒதட்ட சின்னதா வச்சிக்க. நான் தலையாட்டுவேன்."

ஆட்டினார். நான் ஊதிவிட்டேன்.

"ஊதிட்ட. மேல் ச வந்துச்சு. சாத்துன கதவுல தாப்பாளும் போட்டுட்ட. இழுப்பா. மெதுவா, சுடு டீ உறிஞ்சுற மாதிரி."

மறுபடி தலையாட்டினார். அவர் ஊதினார். நான் இழுத்தேன்.

பாப்பா, நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் வாயில் இருந்து வந்த சத்தம் என்னுடையது மாதிரி இல்லை. அவருடைய மூன்றும் கீழே அசையாமல் இருந்தன. அதற்கு மேலே இது வந்து நின்றது. எதையும் தள்ளவில்லை, எதன் மேலும் சாயவில்லை. மூன்று மட்டும் இருந்தபோது ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. இது வந்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருஷமும் என் ஸ்பீக்கர் வழியாகத்தான் அது போயிருக்கிறது. ரொம்ப நேரம் பிடிக்க முடியவில்லை. அவருக்கு மூச்சு தீர்ந்துபோனது, எனக்கு நெஞ்சு நிரம்பிப்போனது. இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நான் குனியவில்லை.

"கேட்டுச்சுண்ணே" என்றேன்.

அவர் அதை நம்பவில்லை. எத்தனை பேர் சும்மா சொல்லியிருப்பார்கள். "என்னா கேட்டுச்சு?"

யோசித்தேன். "யாரோ வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. உள்ளயும் வரல. போவவும் இல்ல."

அவர் மவுத் ஆர்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது. குனிந்துகொண்டிருந்தார். "கட்டைக்கும் ரிப்பேர் இல்ல, எனக்கும் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பிறகு, "நீ வீட்டுக்குள்ள இருந்து கேட்டிருக்க" என்றார்.

அப்படியென்றால் அவர் இத்தனை காலமும் எங்கே நின்று கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

மண்டபத்தில் இருந்து போன் வந்துவிட்டது, ஸ்பீக்கர் ஏற்ற ஆள் இல்லை என்று. எழுந்தேன். என் கையில் இருந்ததை அவர் வாங்கித் துடைத்துப் பெட்டியில் போட்டு டிராயரில் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். நீ எப்பயாவது இந்தப் பக்கம் வந்தா" என்றார். வருகிறேன் என்றேன். ரூம் சாவியைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்து வண்டியை எடுத்தபோது உள்ளே சத்தம் கேட்டது. மூன்று ஸ்வரம் ஊதினார். நிறுத்தினார். பிறகு ஒரு ஸ்வரம் இழுத்தார். மறுபடி ஊதினார், நிறுத்தினார், இழுத்தார். ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று வந்தது. எவ்வளவு சீக்கிரம் மாற்றினாலும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. யாரோ வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். அவர் மறுபடியும் அந்த மூன்றையும் ஊத ஆரம்பித்தபோது, நான் தெருவில் நின்றபடி, வாயில் ஒன்றும் இல்லாமல், மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தேன்.